கூடப் பிறந்தவர்கள்

அட்டன் தொழிற் கந்தோருக்கு எதிரே
றிஸ்வி நானாவின் தட்டச்சுக் கடை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
ஞாயிற்றுப் பத்திரிகையின் ஒரு பக்கம்:
இவ்வாண்டு ஐம்பதைத் தொடுகிறவர்கள்.
என் சத்தியக் கடதாசிக்காக அவர்
ரிப்பனை மாற்றிக்கொண்டிருக்கையில்
அந்த முகங்களைப் பார்த்தேன்.

ஒருவர் வல்லரசு ஒன்றின் சனாதிபதி.
சிரிக்கிறார், பற்கள் எல்லாம் இருக்கின்றன.
ஒருவன் வளைந்த தடியோடு பனிக்கட்டி மேல் சறுக்குகிறான்.
நமக்குப் பனி என்றால்
மாசிக்கு முன்னால் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகுமே, அதுதான்.
ஒருத்தி இளவரசி.
ஐம்பதைத் தொடாமலே
சுரங்கப் பாதையில் கார் மோதிப் போனவள்.
அவள் பிறந்த அதே தேதியில்
கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஓட்டக்காரன்
நூறு மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் முடித்தானாம்.

ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து
பதினெட்டுக் கிலோ ஈரக் கொழுந்தோடு
மடுவத்துக்கு இறங்க
எனக்கு எத்தனை செக்கன் என்று
யாரும் மணிக்கூடு பிடிக்கவில்லை.
பிந்தினால் அரை நாள் பேர்.

"எந்த வருஷம் அடிக்க?" என்றார் நானா.
அங்கேதான் சிக்கல்.
அடையாள அட்டையில் அறுபத்தொன்று.
செக்ரோலில் அறுபத்து மூன்று.
சேமலாப நிதிக்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டும்,
பெண்ணென்றால் ஐம்பது முடிய வேண்டும்.

அறுபத்தொன்றில் பிறந்தது நானில்லை.
குதிரைக்கல் தோட்டம், கீழ்ப்பிரட்டு,
ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா.
பவளக்கொடி என்று எழுதி, துரை கையெழுத்து வைத்த சிட்டை.
பத்து மாதம் இருந்தாள்.
பிள்ளைக் காம்பராவில், ஏணையில், அடைமழையில் கண்ட காய்ச்சல்.
பிறப்பை எழுத கிளாக்கர் தேடி வந்தார்.
இறப்பை எழுத நாம் தேடிப் போக வேண்டும்,
போனால் அன்றைக்குப் பேர் இல்லை.
அப்பா போகவில்லை.

அடுத்து நான்.
பெயர் தயாராக இருந்தது.
கடதாசியும் இருந்தது, நான்காக மடித்து,
தகரப் பெட்டியில், அந்துருண்டையோடு.
அதற்குள் என்னை வைத்தார்கள்.

அதனால் இந்தப் பக்கத்தில் சிரிக்கிற யாரும்
எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை.
அக்காவின் செட்.
இளவரசிக்கும் அவளுக்கும்
ஏறக்குறைய ஒரே பருவத்தில் பல் முளைத்திருக்கும்.
பல் முளைக்கும்போது அழுகிற அழுகை
அரண்மனையிலும் அதுதானே.

என் வருஷக்காரர்கள் வேறு.
சூசையம்மா, எழுபத்து நாலில் கோச்சியேறி
தலைமன்னார் வழியே போனவள்;
கோத்தகிரியில் இருப்பதாகக் கேள்வி.
வேலாயுதம், கவ்வாத்துக் கத்தியில் இரண்டு விரல் போனவன்,
காமன் கூத்தில் பன்னிரண்டு வருஷம் ரதி கட்டியவன்.
மிச்ச எட்டு விரலால் அவன் முகத்தை மூடி அழுதால்
மூன்று தோட்டம் அழும்.
எந்தப் பத்திரிகைக்கும் அவனைத் தெரியாது,
அவனுக்கும் பத்திரிகை என்றால் வடை சுற்ற.

மகளின் காம்பராவுக்கு மேலே
பத்துத் தகரம் மாற்ற வேண்டும்.
இரண்டு வருஷம் பொறுக்காது அந்தக் கூரை.
"அறுபத்தொன்று அடிங்க, நானா."
டக், டக்கென்று விழுந்தது.
அப்படியென்றால் அறுபத்து மூன்றில்
அந்த லயத்தில் ஒரு பிள்ளை பிறந்ததற்கு
இனி சாட்சி இல்லை.

கீழே கோடு போட்ட இடத்தில் பவளக்கொடி என்று எழுதினேன்.
கையெழுத்து மட்டும் என்னுடையது.
பேனா பிடிக்கிற வயதுக்கு அவள் வரவில்லை.

நூற்றைம்பது ரூபாய் என்றார்.
ஐம்பதாவது பிறந்தநாள், இருபது குறையுங்கள் என்றேன்.
குறைத்தார்.
யாருக்கு என்று கேட்கவில்லை.